1.97 கோடி ஓட்டு, கணக்கில் சுழியம்: அமெரிக்க அதிபர் தேர்தலில் மூன்றாவது வேட்பாளர் ஏன் கரையேறுவதில்லை?

1992 நவம்பரில் ராஸ் பெரோ என்ற டெக்சஸ் கோடீஸ்வரருக்கு 1 கோடியே 97 லட்சம் அமெரிக்கர்கள் ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்குப் பத்தொன்பது, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அதிபர் யார் என்று முடிவு செய்கிற உண்மையான கணக்கில் அவருக்கு எவ்வளவு விழுந்தது தெரியுமா? சுழியம்.

இதே நாட்டில் 1948-இல் ஸ்ட்ராம் தர்மண்ட் என்பவர் வெறும் 2.4 சதவீதம் வாங்கினார். அவருக்கு அதே கணக்கில் 39 கிடைத்தது. இன்னும் வேடிக்கை, அதே 1948 தேர்தலில் ஹென்றி வாலஸ் என்ற இன்னொரு மூன்றாம் வேட்பாளரும் அதே 2.4 சதவீதம்தான் வாங்கினார். இருவருமே பன்னிரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டு. வாலசுக்குக் கிடைத்ததும் சுழியம்தான்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை "மூன்றாவது வேட்பாளருக்கு 15 சதவீத ஆதரவு, இரு கட்சி ஆட்சிக்கு முடிவு வருமா" என்று ஒரு செய்தி வரும். படிப்பவர்களும் இந்த முறை ஏதோ நடக்கப் போகிறது என்று நினைப்பார்கள். நவம்பரில் அந்த வேட்பாளர் ஒன்று, ஒன்றரை சதவீதத்தில் நிற்பார். ஏன் இப்படி ஆகிறது என்று புரிய வேண்டுமானால் மேலே சொன்ன மூன்று பேரின் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

முதலில் சில சொற்கள்

"மூன்றாவது" என்பது இங்கே எண்ணிக்கை இல்லை. டெமாக்ரட், ரிபப்ளிகன் இரண்டு கட்சியும் இல்லாத எவரும் மூன்றாவதுதான், ஆறு பேர் நின்றாலும் சரி. இதில் இரண்டு வகை உண்டு. லிபர்டேரியன், கிரீன் போலக் கட்சியாக நிற்பவர்கள் ஒரு வகை. பெரோ 1992-இல் நின்றது போல, ராபர்ட் கென்னடி ஜூனியர் 2024-இல் நின்றது போல, சுயேச்சைகள் இன்னொரு வகை. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள், ஆனால் வேட்பு மனு விதிகளில் இந்த வித்தியாசம் பெரிய தலைவலி. அது பின்னால் வரும்.

அடுத்தது எலெக்டோரல் காலேஜ் என்கிற தேர்வாளர் குழு. அமெரிக்க மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர்கள் உண்டு, மொத்தம் 538 பேர், அதில் 270 வாங்கியவர் அதிபர். மெயின், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற 48 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் விதி ஒன்றுதான்: அந்த மாநிலத்தில் யார் முதலிடமோ அவருக்கே மொத்தமும். ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தாலும் அவருக்கே மொத்தமும். இரண்டாவது இடத்துக்கு ஆறுதல் பரிசு கிடையாது.

தூறலும் குளமும்

ஊர் முழுக்கத் தூறல் போட்டால் தெரு நனையும், குளம் நிறையாது. ஒரே இடத்தில் கொட்டித் தீர்த்தால் ஒரு குளமாவது நிறையும். மூன்றாவது வேட்பாளர் கதை முழுக்க இதுதான்.

பெரோவின் ஓட்டு ஊர் முழுக்கப் பெய்த தூறல். ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் அவருக்குக் கணிசமாக விழுந்தது, எங்கேயும் முதலிடம் வரவில்லை. அவருக்கு மிகச் சிறப்பாக அமைந்த மெயின் மாநிலத்தில் 30 சதவீதம் வாங்கி, அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷையே மூன்றாமிடத்துக்குத் தள்ளினார். யூட்டாவில் பில் கிளின்டனை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார். இரண்டு இடத்திலும் அவர் இரண்டாமிடம், ஆகவே கையில் ஒன்றுமில்லை. நாடு முழுக்க 43 சதவீதம் வாங்கிய கிளின்டன் 370 தேர்வாளர் வாக்குகளோடு போனார்.

தர்மண்ட் அப்படி இல்லை. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை கூடாது என்ற ஒரே கோஷத்தோடு தெற்கு மாநிலங்களில் மட்டும் வேலை பார்த்தார். தென் கரோலினா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா நான்கையும் வென்றார். நாட்டின் மற்ற பகுதிகளில் அவரைச் சீந்துவாரில்லை, அது அவருக்குத் தேவைப்படவும் இல்லை. ஹென்றி வாலஸ் பேசியது அதற்கு நேர் எதிரான அரசியல். ஓட்டும் அங்கங்கே சிதறி விழுந்தது.

1968-இல் ஜார்ஜ் வாலஸ் தர்மண்டின் வழியையே பெரிய அளவில் செய்தார். 13.5 சதவீதம், ஐந்து தெற்கு மாநிலங்கள், 46 தேர்வாளர் வாக்குகள். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த மூன்றாவது வேட்பாளரும் ஒரு மாநிலத்தைக்கூட வென்றதில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிறது.

ஆகவே கருத்துக்கணிப்பில் ஒருவர் தேசிய அளவில் 18 சதவீதம் என்று பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எந்த மாநிலத்தில் அவர் முதலிடம்?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த 18-ஐ வைத்து 270-க்குப் போக வழியே இல்லை. இதில் ஒரு கசப்பும் உண்டு: இந்த விதிக்குள் பலன் கண்டவர்கள் பெரும்பாலும் ஒரு வட்டாரத்தின் கோபத்தைத் தூண்டியவர்கள். நாடு முழுக்கப் பொதுவாகப் பேசியவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, யாருக்கும் 270 வராவிட்டால்?

மூன்றாவது வேட்பாளர் ஆதரவாளர்கள் அடிக்கடி சொல்லும் கனவுத் திட்டம் இது. இரண்டு மூன்று மாநிலத்தை மட்டும் வென்று, பெரிய கட்சிகள் இரண்டையும் 270-க்குக் கீழே நிறுத்திவிட்டால் முடிவு நாடாளுமன்றத்துக்குப் போகும், அங்கே பேரம் பேசலாம். ஜார்ஜ் வாலசின் திட்டமே இதுதான். வெல்வதைவிட, பேரம் பேசும் இடத்துக்குப் போவது.

1804-இல் வந்த பன்னிரண்டாவது அரசியல் சாசனத் திருத்தத்தின்படி அப்போது என்ன நடக்கும்?

1. பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். தேர்வாளர் வாக்கில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களில் ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். ஒரு தேர்வாளர் வாக்குகூட வாங்காதவர் பெயர் பட்டியலிலேயே வராது. பெரோ மாதிரி ஆள் 19 சதவீதம் வாங்கியும் கதவுக்கு வெளியேதான்.

2. அந்த வாக்கெடுப்பில் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 52 உறுப்பினர் கொண்ட கலிபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே ஒரு உறுப்பினர் கொண்ட வயோமிங்குக்கும் ஒன்று. வாஷிங்டன் நகரத்துக்கு எதுவுமில்லை. 26 மாநிலம் சேர்ந்தால் அதிபர்.

3. துணை அதிபரை செனட் தனியாகத் தேர்ந்தெடுக்கும், முதல் இரண்டு பேரிலிருந்து.

இதில் ஓட்டை எங்கே என்று தெரிகிறதா? அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் டெமாக்ரட், ரிபப்ளிகன் உறுப்பினர்கள். மூன்றாவது வேட்பாளருக்கு அங்கே ஒரு மாநிலம்கூட இல்லை. 200 தேர்வாளர் வாக்குகளோடு முதலிடத்தில் ஒரு சுயேச்சை வந்து நின்றாலும், தீர்ப்பு சொல்லப்போவது அவருடைய எதிராளிகள்தான்.

ஒருமுறை இந்த விதி பயன்பட்டிருக்கிறது. 1824-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 வாக்கோடு முதலிடம், ஆனால் தேவை 131. ஜான் குவின்சி ஆடம்ஸ் 84 வாக்கோடு இரண்டாமிடம். நான்காமிடம் வந்து போட்டியிலிருந்து வெளியேறிய ஹென்றி கிளே சபைத் தலைவராகவும் இருந்தார். அவர் ஆடம்சுக்கு ஆதரவு திரட்டினார், 24 மாநிலங்களில் 13 ஆடம்சுக்கு விழுந்தது. ஆடம்ஸ் அதிபர் ஆனதும் கிளேயை வெளியுறவுச் செயலாளர் ஆக்கினார். ஜாக்சன் ஆட்கள் "ஊழல் பேரம்" என்று கத்திய கத்தலில் அடுத்த தேர்தலில் ஆடம்ஸ் காணாமல் போனார்.

1968-இல் வாலசின் திட்டம் பலிக்கவில்லை, நிக்சனுக்கு 301 வந்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் ஒரு பயம் வந்தது. அடுத்த வருடமே பிரதிநிதிகள் சபை, தேர்வாளர் குழுவையே ஒழித்துவிட்டு நேரடித் தேர்தல் வைக்கும் திருத்தத்தை 338-க்கு 70 என்று நிறைவேற்றியது. செனட்டில் தெற்கு மாநிலத்தவர்களும் சில சிறு மாநிலத்தவர்களும் பேசிப் பேசியே அதைத் தடுத்துவிட்டார்கள். மூன்றாவது வேட்பாளர் ஒருவரால் அந்த முறை மாறியிருக்கக்கூடிய ஒரே தருணம் அது.

சீட்டில் பெயர் வருவதே ஒரு தனித் தேர்தல்

டெமாக்ரட், ரிபப்ளிகன் வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் தானாக வந்துவிடும். மற்றவர்கள் மாநிலம் மாநிலமாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். நாட்டுக்கு ஒரே தேர்தல் ஆணையம், ஒரே மனு என்பதெல்லாம் அங்கே கிடையாது. வாஷிங்டனையும் சேர்த்து 51 இடம், 51 விதி, 51 கடைசித் தேதி.

டென்னசியில் சுயேச்சைக்கு 275 கையெழுத்து போதும், ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் டெக்சசில் தேவைப்பட்டது 1 லட்சத்து 13 ஆயிரத்துச் சொச்சம், அதையும் மார்ச்சிலிருந்து மே நடுப்பகுதிக்குள், அந்த வருடம் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய முதல்நிலைத் தேர்தலில் ஓட்டுப் போடாதவர்களிடம் மட்டும் வாங்க வேண்டும். நியூயார்க்கில் ஆறு வாரத்துக்குள் 45,000. வாங்கினால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை, எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் ஒவ்வொரு கையெழுத்தாகப் பிடித்து ஆட்சேபிப்பார்கள். அதனால் தேவைக்கு மேல் இன்னும் பல ஆயிரம் சேர்த்து வாங்குவதுதான் வழக்கம். கூலிக்கு ஆள் வைத்து வாங்க வேண்டும், கோடிக்கணக்கில் செலவு. பெரோ மாதிரிச் சொந்தப் பணம் இருந்தால் சமாளிக்கலாம்.

கென்னடிக்கு நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். கையெழுத்தெல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. மனுவில் அவர் தன் வீட்டு முகவரியாகக் கொடுத்தது கட்டோனா என்ற ஊரில் நண்பர் வீட்டில் ஓர் அறை; மாதம் 500 டாலர் வாடகை என்றார். அவர் மனைவியோடு வசிப்பதோ லாஸ் ஏஞ்சல்சில். வழக்குப் போட்டார்கள். அந்த அறை பெயருக்கு ஒரு முகவரியே தவிர வீடு இல்லை என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி சொல்லிவிட்டார், மனு செல்லாது. அந்த ஒரு வரி முகவரியால் அத்தனை ஆயிரம் கையெழுத்தும் வீண்.

இதன் மறுபக்கம் மிச்சிகனில் நடந்தது. ஆகஸ்ட் 23 அன்று கென்னடி பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு டிரம்ப்பை ஆதரித்தார். போட்டி கடுமையான மாநிலங்களில் தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். மிச்சிகனில் அவர் சுயேச்சையாக இல்லாமல் ஒரு சிறு கட்சியின் வேட்பாளராக மனுப் போட்டிருந்தார், அதுதான் சுலப வழி என்று. கட்சி வேட்பாளர் நினைத்தபோது விலக முடியாது என்றது அந்த மாநிலத்துச் சட்டம். உச்ச நீதிமன்றம் வரை போயும் பெயர் அப்படியே இருந்தது. சீட்டில் பெயர் வரவும் போராட்டம், பெயரை எடுக்கவும் போராட்டம்! போட்டியிலேயே இல்லாத அவருக்கு மிச்சிகனில் சுமார் 27 ஆயிரம் பேர் ஓட்டும் போட்டார்கள்.

கோடையில் 20, நவம்பரில் 1

மூன்றாவது கட்சி தேவையா என்று கேட்டால் அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் ஆமாம் என்கிறார்கள்; 2023-இல் காலப் நிறுவனம் கேட்டபோது 63 சதவீதம். அப்புறம் ஏன் ஓட்டு விழுவதில்லை?

வரலாற்றைப் பார்த்தால் ஒரே சரிவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஜான் ஆண்டர்சன் 1980 கோடையில் 20-ஐத் தாண்டினார், முடிவில் 6.6. பெரோ 1992 ஜூனில் 39 சதவீதத்தோடு புஷ், கிளின்டன் இருவரையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் இருந்தார், முடிவில் 19. கேரி ஜான்சன் 2016 கோடையில் 9, 10 என்று இருந்தார், முடிவில் 3.3. கென்னடி சில கணிப்புகளில் 20-ஐயே தொட்டவர், போட்டியை விட்டு விலகும்போது ஐந்தை ஒட்டி இருந்தார்.

மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கோடையில் கருத்துக்கணிப்புக்காரரிடம் மூன்றாவது பெயரைச் சொல்வது, இரண்டு பேர் மேலும் உள்ள எரிச்சலைச் சொல்வது. நவம்பரில் கேள்வியே வேறு. அப்போது ஓட்டுப் போடுபவர் மூன்று விஷயம் யோசிக்கிறார்:

1. என் ஆள் ஜெயிக்கப் போவதில்லை.

2. மற்ற இருவரில் ஒருவர் வந்தே தீருவார்.

3. அதில் ஒருவரை எனக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்காது, அவர் வந்துவிடக் கூடாது.

மூன்றையும் கூட்டிப் பார்த்தால் கை தானாக இரண்டு பெரிய பெயர்களில் ஒன்றின் பக்கம் போகும். ஒரே சுற்று, அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற விதி இருக்கும் இடத்தில் கட்சிகள் இரண்டாகச் சுருங்கும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரீஸ் துவர்ஜே 1950-களில் சொன்னது இதைத்தான். அதை ஒரு சட்டம் மாதிரி எல்லா நாட்டுக்கும் பொருத்த முடியாது, ஆனால் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இதோடு மேடையும் பணமும் சேர்கின்றன. 1987-இல் இரண்டு கட்சிகளின் தலைவர்களும் சேர்ந்து உண்டாக்கிய, வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதங்களை நடத்திவந்த விவாத ஆணையம், 2000-இலிருந்து தேசியக் கணிப்புகளில் 15 சதவீதம் இருந்தால்தான் மேடை என்று வைத்தது. மேடை இல்லாமல் 15 வராது, 15 இல்லாமல் மேடை கிடையாது. பெரோ 1992-இல் மேடை ஏறியது ஆணையமும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால். செப்டம்பரில் பத்துக்கும் கீழே கிடந்தவர், மூன்று விவாதங்களுக்குப் பிறகு பத்தொன்பதில் வந்து முடித்தார். நடுவில் ஜூலையில் விலகுகிறேன் என்று சொல்லி, அக்டோபர் முதல் தேதி திரும்பி வந்த கூத்து நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்கும் என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. 1996-இல் அவரை மேடையேற்றவில்லை, 8.4-இல் நின்றார். 1992-க்குப் பிறகு எந்த மூன்றாவது வேட்பாளரும் இறுதிச் சுற்று விவாத மேடையில் நின்றதில்லை. 2024-இல் சி.என்.என். தானே விவாதம் நடத்தியபோதும் அதே 15-தான்.

பணத்தில் ஒரு சின்ன ஏணி இருக்கிறது: 5 சதவீதம் தாண்டினால் அடுத்த தேர்தலில் அந்தக் கட்சிக்கு அரசு நிதி. பெரோவின் 8.4-ஐ வைத்து அவருடைய ரிஃபார்ம் கட்சிக்கு 2000-இல் 1.26 கோடி டாலர் வந்தது. வந்ததும் கட்சிக்குள் அடிதடி, பணம் யாருக்கு என்று. அந்தத் தேர்தலில் கட்சியின் வேட்பாளராக நின்ற பாட் புக்கானன் கைக்குப் போனது. அவர் வாங்கியது 0.4 சதவீதம். கட்சி அத்தோடு முடிந்தது.

ஓட்டைப் பிரித்தாரா?

தோற்றவர் ஆதரவாளர்கள் முதலில் கைகாட்டுவது மூன்றாவது ஆளைத்தான். இதில் உண்மை எவ்வளவு, சாக்கு எவ்வளவு?

ஃபுளோரிடா 2000-ஐ நிதானமாகப் பார்க்கலாம். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அங்கே அல் கோரை வென்றது 537 ஓட்டில். கிரீன் கட்சி ரால்ஃப் நேடருக்கு 97,488 ஓட்டு. நேடர் இல்லாதிருந்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேர் வாக்குச்சாவடிக்கே வந்திருக்க மாட்டார்கள் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். மிச்சம் சுமார் 9,750 பேர். அவர்கள் 60-க்கு 40 என்று கோர் பக்கம் சாய்ந்தால்கூட கோருக்குக் கூடுதலாக 1,950 ஓட்டு வரும், 537 காணாமல் போகும். ஆக நேடரால் முடிவு மாறியது என்பதை மறுப்பது கஷ்டம்.

ஆனால் அதே சீட்டில் சோஷலிஸ்ட் ஒர்க்கர்ஸ் கட்சியின் ஜேம்ஸ் ஹாரிஸ் என்று ஒருவர் இருந்தார், அவர் வாங்கியதே 562. அதுவும் 537-ஐவிட அதிகம்! பாம் பீச் மாவட்டத்தில் சீட்டின் வடிவமைப்பு குழப்பியதால் புக்கானனுக்குத் தவறி விழுந்த ஓட்டும் ஆயிரக்கணக்கில் என்பது பரவலான முடிவு. 60 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் வித்தியாசம் 537 என்றால், எதை எடுத்தாலும் அதுவே காரணமாகத் தெரியும்.

2016 மிச்சிகன் இன்னொரு பாடம். டிரம்ப் ஹிலரி கிளின்டனை வென்றது 10,704 ஓட்டில். கிரீன் கட்சி ஜில் ஸ்டைனுக்கு 51,463. ஸ்டைன்தான் கவிழ்த்தார் என்று சொல்பவர்கள், அதே மாநிலத்தில் லிபர்டேரியன் ஜான்சனுக்கு 1 லட்சத்து 72 ஆயிரம் விழுந்ததை மறந்துவிடுகிறார்கள். அந்த ஓட்டில் கணிசமான பங்கு டிரம்ப் பக்கம் போயிருக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் முடிவு என்னவாகும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

பெரோ விஷயத்தில் நிலைமை இன்னும் தெளிவு. புஷ்ஷைத் தோற்கடித்தது பெரோதான் என்று ரிபப்ளிகன்கள் முப்பது வருடமாகப் புலம்புகிறார்கள், ஆனால் ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்ட கணிப்பில் பெரோ ஆட்கள் புஷ்ஷுக்கும் கிளின்டனுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தார்கள்.

"ஓட்டைப் பிரித்தார்" என்ற குற்றச்சாட்டைக் கேட்டால் இவற்றைச் சரிபாருங்கள்: வித்தியாசம் அவர் ஓட்டைவிடக் குறைவா, அவர் இல்லையென்றால் அந்த ஆட்கள் வந்திருப்பார்களா, வந்திருந்தால் எந்தப் பக்கம், எதிர்ப்பக்கமும் ஒரு பிரிப்பவர் இருந்தாரா. நான்கும் ஒத்துப்போவது அபூர்வம். 1912-இல் ஒத்துப்போனதாகச் சொல்லலாம்: முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தன் சொந்த ரிபப்ளிகன் கட்சியோடு சண்டை போட்டுத் தனியாக நின்று 27 சதவீதமும் 88 தேர்வாளர் வாக்குகளும் வாங்கினார், பதவியில் இருந்த டாஃப்ட்டுக்கு 23 சதவீதம், 8 தேர்வாளர் வாக்கு. இரண்டு பேர் ஓட்டும் ஒரே கட்சி ஓட்டு. நடுவில் உட்ரோ வில்சன் 42 சதவீதத்தில் 435-ஐ அள்ளிக்கொண்டு போனார்.

தோற்றவர் கொள்கை, வென்றவர் கையில்

ஜெயிக்காவிட்டால் இவர்களால் என்ன பயன் என்று கேட்டால், 1892-ஐக் காட்டலாம். விவசாயிகளின் பாப்புலிஸ்ட் கட்சி சார்பில் ஜேம்ஸ் வீவர் நின்று 8.5 சதவீதம் வாங்கினார். வருமானத்துக்கு ஏற்ப ஏறும் வரி வேண்டும், செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவை அந்தக் கட்சியின் குரல். அன்று கிறுக்குத்தனம் என்றார்கள். 1913-இல் வருமான வரி விதிக்கும் அதிகாரமும் செனட்டர் நேரடித் தேர்தலும் அரசியல் சாசனத்திலேயே ஏறிவிட்டன, அதற்குள் கட்சி கரைந்துபோயிருந்தது. பெரோ அரை மணி நேரம் தொலைக்காட்சியில் காசு கொடுத்து இடம் வாங்கி, அட்டையில் வரைபடம் வைத்து அரசின் கடனையும் பட்ஜெட் பற்றாக்குறையையும் விளக்கினார். அதற்குப் பிறகு இரு கட்சியும் பற்றாக்குறை பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை, 1998-இல் பட்ஜெட் உபரிக்கே வந்தது. பொருளாதாரம் ஓஹோவென்று இருந்ததும் காரணம், முழுப் பெருமையும் அவருக்குப் போகாது.

விதி வேறாக இருந்தால்?

இலங்கையைப் பாருங்கள். அநுர குமார திசாநாயக்க 2019 ஜனாதிபதித் தேர்தலில் வாங்கியது 3.16 சதவீதம். 2024-இல் 42.31, ஜனாதிபதி. 2022 பொருளாதார நெருக்கடி பழைய கட்சிகளைச் சாய்த்தது முதல் காரணம்; ஆனால் அங்கே நாடு முழுவதும் ஒரே தொகுதி என்பதால் சிதறிய ஓட்டும் ஓட்டாகவே கூடியது. யாருக்கும் பாதிக்கு மேல் வராததால் வரலாற்றில் முதல்முறையாக விருப்ப வாக்குகளையும் (வாக்காளர் இரண்டாவது, மூன்றாவதாகக் குறித்த பெயர்களை) எண்ணினார்கள். பெரும்பாலானோர் இரண்டாம் விருப்பத்தைக் குறிக்கவே இல்லை என்பதால் அதனால் முடிவு மாறவில்லை.

அமெரிக்காவில் மெயின் மாநிலம் 2020-இலிருந்து அதிபர் தேர்தலுக்கும் விருப்ப வரிசை வாக்கைப் பயன்படுத்துகிறது, 2024-இல் அலாஸ்காவும். உங்கள் முதல் விருப்பம் கடைசியில் வந்தால் உங்கள் ஓட்டு இரண்டாம் விருப்பத்துக்கு நகரும். இதனால் "ஓட்டு வீண்" என்ற பயம் குறையும். ஆனால் இதை மருந்து என்று விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு: தேர்வாளர் வாக்கு அப்போதும் கடைசியில் முதலிடம் வந்தவருக்குத்தான், மெயினில் அது தொகுதிவாரியாகப் பிரிந்தாலும். மூன்றாவது ஆளுக்கு ஓட்டுப் போட இது தைரியம் கொடுக்கும், அவரை 270-க்குக் கொண்டுபோகாது.

அப்படியானால் எங்கே பார்ப்பது?

"லிங்கனும் மூன்றாவது கட்சிதானே" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். இல்லை. ரிபப்ளிகன் கட்சி 1854-இல் உருவானது, அதுவரை இரு பெரிய கட்சிகளில் ஒன்றாக இருந்த விக் கட்சி உடைந்துபோன இடத்தில். 1856-இலேயே அவர்கள் அதிபர் வேட்பாளர் ஃப்ரீமான்ட் 114 தேர்வாளர் வாக்கோடு இரண்டாமிடம் வந்துவிட்டார். 1860-இல் லிங்கன் நாற்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கி வென்றபோது அவர் கட்சி இரண்டில் ஒன்று. நாடாளுமன்றத்தில் ஆள் சேர்த்து, மாநிலங்களில் ஆட்சி பிடித்து, பிறகுதான் அதிபர் மாளிகைக்கு வந்தார்கள். இன்றைய மூன்றாவது வேட்பாளர்கள் மொட்டை மாடியிலிருந்து வீடு கட்டத் தொடங்குகிறார்கள்.

எலான் மஸ்க் 2025 ஜூலையில் அமெரிக்கா கட்சி என்று அறிவித்தபோது, இரண்டு மூன்று செனட் இடம், எட்டுப் பத்து பிரதிநிதிகள் தொகுதி, இவற்றில் மட்டும் கவனம் வைத்தால் போதும் என்றார். பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது, தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர் அதிபராகவும் முடியாது. ஆனால் கணக்கு சரியான கணக்கு. தூறலை விட்டுவிட்டுக் குளத்தைத் தேடும் கணக்கு.

அதைவிட ஆர்வமாகப் பார்க்க வேண்டியது வேறு இரண்டு தேர்தல்கள். யூட்டாவில் 2022 செனட் தேர்தலில் டெமாக்ரட் கட்சி தன் ஆளை நிறுத்தாமல் சுயேச்சை இவான் மக்மலினை ஆதரித்தது. ரிபப்ளிகன் கோட்டையான அங்கே அவர் 40-ஐத் தாண்டினார். இதே மக்மலின் 2016 அதிபர் தேர்தலில் இதே யூட்டாவில் இருவருக்கு எதிராக நின்றபோது வாங்கியது 21.5. நெப்ராஸ்காவில் 2024-இல் டான் ஆஸ்போர்ன் என்ற தொழிற்சங்கக்காரர் சுயேச்சையாக நின்றார், அங்கேயும் டெமாக்ரட் வேட்பாளர் இல்லை. 46 சதவீதத்துக்கு மேல் வாங்கி செனட்டரை வியர்க்க வைத்துவிட்டுத் தோற்றார். இரண்டு பேரும் தோற்றார்கள் என்பது உண்மை. ஆனால் இரண்டு இடத்திலும் சீட்டில் அவர்கள் இரண்டாவது பெயர், மூன்றாவது இல்லை.